தாழியும் மாம்பழமும்

அன்புள்ள ஐயா,

நான் கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். வைலோப்பிள்ளியின் மலையாளக் கவிதை 'மாம்பழம்' படித்து அழுததுபோலவே புறநானூற்றின் 'கலம்செய் கோவே' பாட்டைப் படித்தும் அழுதேன். உடன் வேலை பார்க்கும் தோழியிடம் சொன்னேன். "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊரு, அதனால உனக்குப் புரியுது. மனுஷங்க எங்கேயும் ஒண்ணுங்கறதெல்லாம் சும்மா பேச்சு" என்கிறாள். அவள் சொல்வது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழி சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் கிடைத்த, இறந்தவரைப் புதைக்கும் தாழிகளைப் போலவே கேரளத்திலும் நன்னங்ஙாடிகள் என்ற தாழிகள் கிடைக்கின்றன. நீங்கள் சொன்ன புறநானூற்றுப் பாட்டில், வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லிபோல கணவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவள், அவன் இறந்ததும் தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்லிக் குயவரிடம் கேட்கிறாள். நம் பக்கத்தில் இதற்கு உரை வேண்டியதில்லை.

ஆனால் அருகில் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கில்கமேஷ் காவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெசபடோமியாவில் களிமண் பலகைகளில் எழுதியது. நண்பன் என்கிடு இறந்ததும் ஆறு பகலும் ஏழு இரவும் கில்கமேஷ் உடலைப் புதைக்க விடவில்லை, மூக்கிலிருந்து புழு விழும்வரை. மாம்பழத்தில் வரும் அம்மா என்ன செய்கிறாள்? பூங்குலையை ஒடித்ததற்காக அவள் திட்டிய பிள்ளை, மாங்காய் பழுக்கும்முன் இறந்துவிடுகிறான். விழுந்த முதல் பழத்தை அவனைப் புதைத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறாள். துக்கம் எல்லோருக்கும் உண்டு, அது பெரிய கண்டுபிடிப்பு இல்லை. இறந்தவருக்கு இனி எதுவும் வேண்டாம் என்பதை மனம் ஒப்புக்கொள்ள மறுக்கிறதே, அந்தப் பிடிவாதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கில்கமேஷின் உரூக் நகரத்திலும் கேரளத்து முற்றத்திலும் குயவரின் சூளை அருகிலும் அதைப் பார்க்கிறேன்.

இன்னும் வியப்பானது ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியத்தின் கடைசிக் காண்டம். மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, டிராய் அரசன், கிழவன் பிரியாம், இரவில் எதிரிப் படையின் வீரன் அக்கிலீஸின் கூடாரத்துக்கு வருகிறான். மகனைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, "உன் தந்தையை நினைத்துப் பார்" என்கிறான். இருவரும் அழுகிறார்கள், ஒருவன் மகனுக்காக, மற்றவன் தன் தந்தைக்காகவும் இறந்த நண்பனுக்காகவும். அப்புறம் அக்கிலீஸ் அவனைச் சாப்பிடச் சொல்கிறான். பிள்ளைகளை எல்லாம் இழந்த நியோபிகூட ஒரு நாள் சாப்பிட்டாளே என்று சொல்லிச் சாப்பிட வைக்கிறான். சாவு வீட்டில் பக்கத்து வீட்டார் கஞ்சி கொண்டுவந்து, "ஒரு வாயாவது குடிங்க" என்று வற்புறுத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் பகைவன் செய்கிறான்! ஹோமர் இதை எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் போர்க் காவியத்தை நான் இவ்வளவு நேசித்திருக்க மாட்டேன்.

ஆனால் எல்லாமே பொது என்று சொல்ல மாட்டேன். தகழியின் 'செம்மீன்' (சுந்தர ராமசாமி தமிழில் தந்தது) நாவலில் ஒரு நம்பிக்கை வருகிறது: கரையில் இருக்கும் மனைவி தவறினால் கடலுக்குப் போன கணவனைக் கடல் கொண்டுவிடும். இது ஒரு கரையின் நம்பிக்கை. ஓர் ஆணின் உயிருக்கான பொறுப்பைப் பெண்ணின் தலையில் கட்டுவது மனித இயல்பு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஒரு காலத்தின் வழக்கத்தை மனித குலத்தின் இயல்பாக விற்பது அடிக்கடி நடக்கிறது. அந்த இடத்தில் உங்கள் தோழியின் சந்தேகம் அவசியம். ஆனால் அந்த நம்பிக்கைக்குள் சிக்கிய நாயகி கருத்தம்மாவின் பயமும் ஏக்கமும் கடலையே பார்க்காதவருக்கும் எட்டுகின்றன.

தோழிக்கு முழு இலியத்தையும் கொடுக்க வேண்டாம், அந்த 24-ஆம் காண்டத்தை மட்டும் கொடுங்கள். அது பக்கத்து ஊர் இல்லை. படித்துவிட்டு என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.