முதல் ரிமோட் விமானம்: போர் விமானம் இப்போதைக்கு வேண்டாம்

கேள்வி: எனக்கும் என் 13 வயது மகனுக்கும் ரிமோட் விமானம் பறக்கவிட ஆசை. இருவருக்கும் அனுபவம் இல்லை. அவன் கண் ஒரு போர் விமான மாடல் மேல். “இதில் கைரோ இருக்கிறது, கையை விட்டாலும் தானே நேராகிவிடும், முதல் விமானமாகவே வாங்கலாம்” என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இதே பேச்சை நம்பி வாங்கி, முதல் நாளே நொறுங்கியதைப் பையில் அள்ளிக்கொண்டு திரும்பிய அப்பா பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதில் பலர் அப்புறம் மைதானத்துக்கே வருவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கைரோ ஏமாற்று வேலை இல்லை. விமானம் சாய்ந்தால் உணர்ந்து நிமிர்த்தும். ஆனால் வேகம் குறைந்து, இறக்கையால் எடையைத் தாங்க முடியாமல் போனால் அதற்கு வழியே கிடையாது. போர் விமான மாடலில் இறக்கை சிறியது, நுனி குறுகல், எடை அதிகம். தரையிறக்கும்போது பயத்தில் வேகத்தைக் குறைப்பீர்கள். ஒரு பக்க இறக்கை சட்டென்று விழும். அதைத் தூக்க கைரோ அந்தப் பக்க ஏலெரானை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகட்டை, கீழே இறக்கும். தாங்கும் சக்தியை ஏற்கெனவே இழந்த இறக்கை அதனால் இன்னும் மோசமாகும். மூக்கு நேராக மண்ணில்தான். இதைக் கடையில் யார் சொல்கிறார்கள்? ‘தொடக்கநிலை’ என்று பெட்டியில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், கேட்பாரில்லை. நீங்கள் விழ விழ உதிரி பாகம் விற்கும்.

உடலுக்கு மேலே இறக்கை உட்கார்ந்திருக்கும் ஃபோம் டிரெய்னர், அதாவது பழகுவதற்கான விமானம், வாங்குங்கள். இறக்கை நுனிக்கு நுனி 1.2 முதல் 1.5 மீட்டர் இருக்கட்டும். அதைவிடச் சிறியது லேசான காற்றுக்கே அலைக்கழியும். இறக்கைகள் இரண்டும் சற்று மேல்நோக்கி விரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது தாழ்ந்த இறக்கைக்குக் கூடுதல் தூக்கு கிடைத்து, விமானம் தானாக நிமிரும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நன்றாகப் பறக்கவிடத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று, பட்டி பாக்ஸ் முறையில் கற்றுக்கொடுத்தால் போர் விமானத்தைக்கூடத் தொடலாம். இரண்டு ரிமோட்டுகளை இணைத்திருப்பார்கள். அவர் சுவிட்சை விட்டதும் கட்டுப்பாடு அவர் கைக்குப் போய்விடும். ஆனால் “பக்கத்தில் நிற்கிறேன், ஆபத்து என்றால் ரிமோட்டைக் கொடு” என்பது பட்டி பாக்ஸ் ஆகாது. ரிமோட் கைமாறுவதற்குள் விமானம் தரையில் இருக்கும். இரு ரிமோட்டும் இணையக்கூடியவைதானா, தரையிலேயே சுவிட்சைப் போட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள். இறங்கும் வரை அவர் விரல் சுவிட்சிலேயே இருக்கவேண்டும். இவ்வளவும் அமையாவிட்டால் விதிவிலக்கு உங்களுக்கில்லை.

முதலில் சில வாரம் சிமுலேட்டர், அதாவது கணினித் திரையில் பறக்கவிட்டுப் பழகுவது. விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். பெரும்பாலான புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிரும். யோசிக்காமல் கை அதைச் செய்யும் வரை மைதானத்துக்குப் போகாதீர்கள்.

பறக்குமுன் பேட்டரியைப் பொருத்தி, கையேடு சொல்லும் இடத்தில் இறக்கைக்கு அடியில் இரு விரல் நுனிகளை வைத்துத் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளாமல் பறக்கவே விடக்கூடாது. அப்புறம் விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது ஏலெரான் மேலே எழவேண்டும். மாறாகக் கீழே இறங்கினால், விமானம் கிளம்பிய வேகத்தில் விழும்.

இந்த அளவு விமானம் 250 கிராமைத் தாண்டும். பல நாடுகளில் அதற்கு மேல் பதிவு, அனுமதி எல்லாம் உண்டு. கண்மறைவில் போகும் கேமரா ட்ரோனையும் கண்ணெதிரே சுற்றும் ஃபோம் விமானத்தையும் ஒரே விதியில் கட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் விசாரிக்காமல் பறக்காதீர்கள்.

காற்று குறைந்த காலையில், ஆளில்லாத திறந்தவெளியில், காற்று வரும் திசையை எதிர்கொண்டு ஏற்றுங்கள். தவறு செய்தாலும் திருத்த நேரம் கிடைக்கும் உயரத்துக்குப் போனபிறகே திருப்புங்கள். ரிமோட்டில் 5 நிமிட டைமர் வையுங்கள். அது அடிக்கும்போது, தரையிறக்கம் இரண்டு முறை தவறி மீண்டும் சுற்றி வர பேட்டரியில் சார்ஜ் மிச்சம் இருக்கவேண்டும்.