ராத்திரி ஒரு மணிக்கு வளவில் நடப்பது யார்?

கேள்வி:

அன்புள்ள ஆச்சிக்கு, எனக்கு வயது 31. பிறந்து வளர்ந்தது சென்னை. கட்டிக்கொண்டு வந்தது காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். மாமனார் இரண்டு வருஷத்துக்கு முன் தவறிவிட்டார். அத்தைக்குத் துணையாக இருக்கட்டும் என்று நான் வேலையை விட்டுவிட்டு, யூகேஜி படிக்கும் மகனோடு பெரிய வீட்டில் வந்து இருக்கிறேன். எங்களை வேறு வைத்துவிட்டதால் சமையல் தனித்தனி. அத்தையால் தொந்தரவு எதுவும் இல்லை.

நான்கு மாதமாக மனசு சரியில்லை. காலையில் எழவே பிடிக்கவில்லை. பசியில்லை. முன்பு ஆசையாகச் செய்தது எதிலும் இப்போது நாட்டமில்லை. கையில் எப்போதும் போன். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள். ஓரகத்தி சிட்னியில் இருக்கிறார். போன பிள்ளையார் நோன்புக்கு அங்கே நகரத்தார் அறுபது பேர் கூடி இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரி) எடுத்துக்கொண்ட படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார். இங்கே எங்கள் வளவில், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளுமாக இருக்கிற உள்வீட்டில், மூன்றே பேர். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். தினமும் இரண்டு மணி வரை போனில்தான் இருக்கிறேன். ஒரு மணி வாக்கில் அத்தை எழுந்து வளவைச் சுற்றி நடப்பார். வெளிச்சத்தைப் பார்த்து ஏதாவது கேட்பாரே என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவது போலப் படுத்துக்கொள்வேன். அவர் போனதும் மறுபடி எடுப்பேன்.

சோஷியல் மீடியாவால் டிப்ரஷன் வரும் என்கிறார்களே, எனக்கு வந்திருப்பது அதுதானா? இன்ஸ்டாகிராமை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

- பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்:

போனைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பழகிப்போன சங்கதி. மாதத்துக்குப் பத்துக் கடிதமாவது இப்படி வருகிறது. ஊர்ப் பெயர் மாறும், ஓரகத்தி இருக்கிற நாடு மாறும், அவ்வளவுதான். ஆனால் அத்தை வளவில் நடக்கிறார் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் மறுபடி போனுக்கே போய்விட்டாய். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

அவர் ஏன் நடக்கிறார்?

கேட்டாயா? கேட்டிருந்தால் எழுதியிருப்பாய். ரோந்து வருகிற நேரம் திருடனுக்குத் தெரிந்திருக்கிற மாதிரி, அவர் எத்தனை மணிக்கு எழுவார், எத்தனை சுற்று நடப்பார், எப்போது திரும்புவார் என்பதெல்லாம் உனக்கு அத்துபடி. ஏன் என்பது மட்டும் தெரியாது. பாதத்தில் எரிச்சலோ, சர்க்கரை கூடிவிட்டதோ, மாமனார் நினைப்போ, பூட்டிக் கிடக்கிற பங்காளி வீட்டு அறைகளைப் பார்த்து வருகிற பயமோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் இருப்பதில் தப்பில்லை. நான் அந்த வீட்டில் இல்லை. துணைக்கு என்று வேலையை விட்டுவிட்டு வந்தவள் நீ. ஒரு பெண்பிள்ளை நடுராத்திரியில் வெறுங்காலோடு கல் தரையில் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தூங்குகிற மாதிரி நடிப்பதற்குப் பேர் துணையா?

கோபம் வருகிறதா? வரட்டும். நான்கு மாதமாக எதுவுமே தோன்றாமல் கிடந்ததற்கு அதுவாவது வரட்டும்.

டாக்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் விவாதத்துக்கு இடமில்லை. எழப் பிடிக்கவில்லை, பசியில்லை, தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை என்பது தொடர்ந்து இரண்டு வாரம் இருந்தாலே டாக்டரிடம் காட்டவேண்டிய நிலை. நீ நான்கு மாதம் என்கிறாய். அது மனச்சோர்வு நோயா இல்லையா என்று சொல்லவேண்டியது டாக்டர்; பத்திரிகையில் பதில் எழுதுகிற கிழவி இல்லை. தைராய்டு மந்தமானாலும் இதே மாதிரிதான் இருக்கும், ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பஸ் ஏற முடியாத அளவுக்கு முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கு அடி. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரி ஒரு மணிக்கும் எடுப்பார்கள். செத்துப்போய்விடலாம் என்று ஒரு தரம் தோன்றியிருந்தாலும் இதற்கு மேல் படிக்காதே, முதலில் அந்த எண்ணை அழுத்து.

சரி, இனி உன் கேள்வி. எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

கொஞ்சம் சரியாகும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள், 2018-இல் அதை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்கக் கூடாது, மற்றவர்கள் வழக்கம்போல. மூன்றே வாரத்தில், குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. முன்பே சோர்வு அதிகமாக இருந்தவர்களுக்குப் பலனும் அதிகம். இது உனக்குச் சாதகமான சேதி.

இன்னொன்றும் கேட்டுக்கொள். ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு பேர் 2019-இல் லட்சக்கணக்கான பதின்வயதுப் பிள்ளைகளின் விவரங்களை அலசிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை நன்றாக இருக்கிறது, இன்னொன்று வாடிக் கிடக்கிறது என்ற வித்தியாசத்தில், திரை பார்ப்பதோடு சேர்த்துச் சொல்லக்கூடிய பங்கு அரை சதவீதம்கூட இல்லை என்றார்கள். நூறு ரூபாய்க் கடனில் ஐம்பது பைசா மாதிரி. பிள்ளைகள் கணக்கு அது, உன் கணக்கு வேறாக இருக்கலாம். இருந்தாலும், போன் பார்த்ததால் சோர்ந்தாயா, சோர்ந்ததால் போனைப் பிடித்தாயா என்று யாரும் உனக்கு அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும், செக்கு மாடும் செக்கும் மாதிரி.

எனக்குப் பிடித்தது மூன்றாவது ஆராய்ச்சி. அதே அமெரிக்காவில் 2018-இல், காசு கொடுத்து ஆட்களை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடி வைக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் போல மிச்சமானது. மனசு கொஞ்சம் தேறியது; கொஞ்சம்தான். அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம். கொஞ்சம் தனியாக டிவி பார்த்தார்கள். மிச்சத்தில் வீட்டு மனுஷர்களோடும் சிநேகிதர்களோடும் இருந்தார்கள். நீ இன்ஸ்டாகிராமை எடுத்துவிட்டால் உனக்கும் மிச்சமாகும். அதைக் கொண்டுபோய் எங்கே போடுவாய்? மகன் எட்டரைக்குத் தூங்கிவிடுவான். அப்புறம் அந்த வீட்டில் யார் இருக்கிறார்?

வீட்டுக் கதைக்கு வருகிறேன். உன்னை எனக்கு நேரில் தெரியாது, ஆனால் ரெண்டாங்கட்டில் இரண்டு கேஸ் அடுப்பு இருக்கும் என்று அடித்துச் சொல்வேன். இரண்டு குக்கர், இரண்டு அஞ்சறைப் பெட்டி, இரண்டு எண்ணெய்த் தூக்கு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் தனிக் குடித்தனமாக வைப்பதற்குத்தான் வேறு வைப்பது என்று பேர். ஒரே வளவில் எட்டுப் புள்ளி, பத்துப் புள்ளி என்று குடும்பங்கள் நிறைந்திருந்த காலத்தில் அரிசி பருப்புக்குச் சண்டை வராமல் காத்த ஏற்பாடு. மூளையுள்ளவர்கள் செய்தது. தனித்தனியாகச் சமைத்தாலும் வளவில் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தத் தாழ்வாரத்திலிருந்து அந்தத் தாழ்வாரத்துக்குக் குழம்புக் கிண்ணம் போகும், சாமான் கடன் போகும், வம்பும் போகும்.

இப்போது அங்கே நீ, அத்தை, ஒரு பொடியன். இதற்கு இரண்டு உலையா? நீ ஒரு மூலையில் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு ரசம் சோறு தின்கிறாய். அவர் இன்னொரு மூலையில் நேற்று வைத்த குழம்பைச் சுட வைத்துக்கொள்கிறார். பசியில்லை என்று எழுதியிருக்கிறாய். அரை ஆழாக்கு அரிசி களைந்து ஒற்றை ஆளுக்குப் பொங்கினால் யாருக்குத்தான் பசிக்கும்? 'தொந்தரவு எதுவும் இல்லை' என்று சர்டிபிகேட் வேறு கொடுத்திருக்கிறாய். ஒருவருக்கொருவர் தொந்தரவே தராமல் இருக்கிறவர்கள் லாட்ஜில் பக்கத்துப் பக்கத்து ரூமில் தங்குகிறவர்கள். மாமியாரும் மருமகளும் அப்படி இருந்தால் அது குடும்பத்துக்கு அழகில்லை.

அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று கதை சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிடாதே. எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், ரங்கூனில் பெட்டியடியில், அதாவது வட்டிக்கடையில், இருந்தார். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர்ப் பக்கம். அப்பத்தா கப்பல் கடிதத்துக்குக் காத்திருந்தே கிழவியானார். எங்கள் பங்காளி வீட்டில் ஒருத்தி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே வராமல் கிடந்தாளாம். என்னவோ பிடித்துக்கொண்டது என்று வேப்பிலை அடித்தார்கள். இன்றைக்கு அதற்கு மாத்திரை இருக்கிறது, அதனால்தான் முதலில் டாக்டர் என்றேன். ஆனாலும் அப்பத்தா ஒன்று சொல்வார். அந்தப் பெண் கிடந்த நாளெல்லாம் அவள் அறை வாசலில் யாராவது ஒருத்தி உட்கார்ந்து புளியோ, மிளகாயோ ஆய்ந்துகொண்டிருப்பாளாம். உள்ளே போகவும் மாட்டாளாம், எழுந்து போகவும் மாட்டாளாம்.

சிட்னிக்காரியை நினைத்து அழுதாயே, அவள் ஏன் அறுபது பேரைக் கூட்டினாள் என்று யோசித்தாயா? ஊரை விட்டு அத்தனை தூரம் போனவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. நீ அந்தப் படத்துக்கு லைக் போட்டிருப்பாய், அதையும் அடித்துச் சொல்வேன். 'அக்கா, இங்கே மூன்றே பேர், அழுகை அழுகையாக வருகிறது' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கலாம். அதுவும் அதே போனில்தான் இருக்கிறது. கீழே தள்ளிக்கொண்டே போவது மட்டும்தான் அதில் இருக்கிற வேலை என்று யார் சொன்னது? கிணற்றில் வாளியை விட்டால் தரை தட்டும். இந்தப் பக்கத்துக்குத் தரையே கிடையாது, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்படி 2006-இல் ஒருவர் அமைத்தார். ஏசா ராஸ்கின் என்று பேர். பிற்பாடு அவரே செய்தது தப்பு என்று வருத்தப்பட்டார். அமைத்தவனே வருந்துகிறான், நீ ராத்திரி இரண்டு மணி வரை தரையைத் தேடுகிறாய்.

உன் புருஷன் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோகிறார், வீட்டுக்கு வருவது மாதிரியே. நீ நான்கு மாதமாகப் படுத்துக் கிடப்பதும், அவரைப் பெற்றவர் ராத்திரியில் நடப்பதும் அவருக்குத் தெரியுமா? வீடியோ காலில் பிள்ளை முகத்தைக் காட்டிவிட்டு வைத்துவிடுகிறாயா? சொல். முதல் கடமை அவருடையது. தாயைப் பார்க்க மருமகளை அனுப்பிவிட்டால் மகன் கணக்கு நேராகிவிடாது. உனக்கும் ஒன்று. இந்த வீட்டில் துணைக்கு இருக்க மனமில்லை, வேலைக்குப் போனால்தான் எனக்கு உயிர் என்றால் அதை வாய் திறந்து சொல்லிவிட்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டோ விட்டுவிட்டோ சென்னைக்குக் கிளம்பு. அதில் ஒரு மரியாதை உண்டு. இருந்துகொண்டே இல்லாமல் இருப்பதில் கிடையாது.

கிளம்பும்வரை இரண்டு வேலை. முதலாவது, ஒரு அடுப்பை அணை. எந்த அடுப்பு என்று அத்தையைக் கேள். மரபை மீறச் சொல்கிறீர்களே ஆச்சி என்பாய், மீறத்தான் சொல்கிறேன். பங்காளிகள் யாராவது கேட்டால் கேஸ் விலையைச் சொல், வாயை மூடிக்கொள்வார்கள். முதல் நாள் உன் கைக்குழம்பில் உப்பில்லை என்பார், காரம் போதாது என்பார். சொல்லட்டும். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒருவர் உன் சாப்பாட்டை ருசி பார்க்கிறார்.

இரண்டாவது, போன். எட்டரைக்கு மகனைத் தூங்க வைத்ததும் அதைக் கொண்டுபோய் முகப்பில், மாமனார் படத்துக்குக் கீழே இருக்கிற பிளக்கில் சார்ஜ் போட்டுவிட்டு வா. காலையில் எழுப்ப இருநூறு ரூபாய்க்கு அலாரம் கடிகாரம் கிடைக்கும். தலையணைக்கு அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. உனக்கு எப்படியும் உடனே தூக்கம் வராது. ஒரு மணிக்குச் சத்தம் கேட்கும். எழுந்து லைட்டைப் போடு, கதவைத் திற. அவர் திடுக்கிடுவார். 'இன்னும் தூங்கலையா' என்று அவர்தான் முதலில் கேட்பார். இல்லை அத்தை என்று உண்மையைச் சொல். சுக்குத் தண்ணீர் வைக்கட்டுமா என்று கேள். வேண்டாம் என்பார், வை. தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவரோடு இரண்டு சுற்று நட.

அப்புறம் எனக்கு எழுது. போனில் எத்தனை மணி நேரம் குறைந்தது என்ற கணக்கெல்லாம் வேண்டாம். டாக்டர் என்ன சொன்னார், அத்தை ஏன் நடக்கிறார், இந்த இரண்டை மட்டும் எழுது.