ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்றால் இழப்பீடு கிடைக்காதா?

"என் அப்பா மீது மோதிய சரக்கு வண்டியின் ஓட்டுநருக்கு உரிமம் இல்லையாம். காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கிறது. வழக்குப் போட்டுப் பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. தயங்காமல் போடுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் இத்தகைய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன்: "உரிமம் இல்லை" என்று பயமுறுத்தியே ஏழைக் குடும்பங்களைச் சொற்பத் தொகைக்குச் சம்மதிக்க வைப்பதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது.

உரிமம் பற்றிய தகராறு நிறுவனத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் இடையிலானது. அதற்காகச் சாலையில் போன உங்கள் அப்பாவைத் தண்டிக்க முடியாது. 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. உரிமையாளர் தெரிந்தோ அலட்சியமாகவோ அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்தார் என்பதையும் நிறுவனமே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், முதலில் உங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

நடைமுறையில் என்ன நடக்கும்? உரிமையாளர் பெரும்பாலும் நீதிமன்றப் பக்கமே வரமாட்டார். உரிமத்தைத் தாக்கல் செய்யும்படி நிறுவனம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பும், வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஊழியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும். மாதங்கள் ஓடும். பொறுமை இழந்து எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உரிமமே இல்லையா, இருந்தும் "இந்த வகை வண்டிக்கு இல்லை" என்கிறார்களா என்று முதலில் பாருங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை நகலை வாங்கினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இலகுரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் தனி ஒப்புதல் இல்லாமல் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது. சிறிய சரக்கு வண்டிகள் பல இந்த எடைக்குள் அடங்கும். அப்படியானால் அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

அப்பா இருசக்கர வாகனத்தில் சென்றிருந்து, அவருக்கே உரிமம் இல்லாமல் இருந்தாலும், அது ஒன்றை வைத்து விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிட முடியாது.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.