6.6.30-இன் மேல் 6.6.31 ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் 6.6.30 பதிப்பு மூலநிரல் என்னிடம் இருக்கிறது. கெர்னல்.ஆர்க் தளத்தில் 6.6.31-க்கான பேட்சை (மூலநிரலில் செய்ய வேண்டிய மாற்றங்கள் அடங்கிய கோப்பை) எடுத்து ஒட்டினேன். 'இது ஏற்கெனவே ஒட்டப்பட்டதுபோல் தெரிகிறது, திருப்பி எடுக்கவா?' என்று கேட்டது. 'ஒய்' (ஆம்) கொடுத்தேன். பிறகு வரிசையாகத் தோல்விச் செய்திகள். 3000 ரூபாய் கொடுத்தால் தயார் கெர்னலைப் பென் டிரைவிலிருந்து போட்டுத் தருவதாகப் பழுதுபார்க்கும் கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் கணினியில் கோளாறு இல்லை. நீங்கள் எடுத்த பேட்ச் 6.6.30-க்கு உரியதே அல்ல, 6.6-க்கு உரியது. அதற்குப் பின் வந்த திருத்தங்கள் எல்லாம் அதில் மொத்தமாக இருக்கின்றன. மேக்ஃபைல் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். மேலேயே 'சப்லெவல் = 30' என்று இருக்கும்; அதுதான் பதிப்பின் கடைசி எண். பேட்ச் தேடுவதோ 'சப்லெவல் = 0' என்ற வரியை. பிறகு எப்படி ஒட்டும்?

'ஒய்' கொடுத்ததுதான் பெரிய சேதம். முன்பே சேர்ந்திருந்த திருத்தங்களில் சில கழன்றுவிட்டன. அந்த மூலநிரல் இப்போது 30-உம் இல்லை, 31-உம் இல்லை. அடைவை அழித்துவிட்டு 6.6.31-ஐ முழுதாகவே இறக்கிக்கொள்ளுங்கள். சுமார் 140 மெகாபைட்தான். பேட்சே போட வேண்டுமென்றால் புதிதாக 6.6-ஐ விரித்து, முதலில் 'டிரை-ரன்' கொடுத்துப் பாருங்கள். அது எதையும் மாற்றாது; ஒட்டுமா ஒட்டாதா என்று மட்டும் சொல்லும்.

6.6.30-இன் மேல் நேராக ஒட்டும் பேட்ச் ஒன்றும் உண்டு. அதே தளத்தில், நீங்கள் எடுத்த இணைப்புக்குப் பக்கத்திலேயே 'இன்க் பேட்ச்' என்று இருக்கும். அதன் பெயரில் '6.6.30-31' என்று இரண்டு எண்களும் வரும். அது ஒரு படி மட்டுமே ஏற்றும். உங்களிடம் 29 இருந்தால் 29-30, பிறகு 30-31 என்று இரண்டையும் வரிசையாக ஒட்ட வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது. இதை அந்த இணைப்பின் அருகிலேயே ஒரு வரியில் எழுதி வைத்தால் என்ன? இத்தனை ஆண்டுகளாக இதே இடத்தில் புதியவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள்.

இனி அந்தப் பென் டிரைவ். கெர்னல் என்பது இன்னொரு செயலி அல்ல. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், வட்டிலுள்ள ஒவ்வொரு கோப்பும் அதன் கை வழியாகத்தான் போகிறது. அந்தத் தயார் கெர்னலை மூலநிரலிலிருந்து யார் தொகுத்தார், நடுவில் எதை நுழைத்தார் என்று அந்தக் கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. கெர்னல்.ஆர்க் தரும் மூலநிரலுக்கு டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, சரிபார்க்கலாம். பென் டிரைவுக்கு என்ன இருக்கிறது? 'தோல்வி வந்தாலும் வற்புறுத்தி ஒட்டிவிடலாம்' என்பவரையும் நம்பாதீர்கள். தோல்வியடைந்த பகுதி 'ரெஜ்' என்று முடியும் கோப்பில் தனியே கிடக்கும்; திருத்தம் உள்ளே போயிருக்காது.

புதியதைத் தொகுத்து நிறுவிய பிறகும் பழைய கெர்னலை அழிக்க வேண்டாம். புதியது எழும்பாவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்து உள்ளே வரலாம். கடையில் ஏற்கெனவே எதையாவது போட விட்டிருந்தால், வேறொரு கணினியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.