பி0171 கோட் வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம்.

செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் கோட் வந்ததால் மெக்கானிக் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் வண்டி ஓட்டத்தில் நன்றாகத்தான் இருக்கும், நிற்கும்போது மட்டும் ஐடில் லேசாகத் தடுமாறும். என் வண்டியிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

பி0171 என்றால் முதல் பேங்கில் (என்ஜினில் ஒன்றாம் சிலிண்டர் இருக்கும் பக்கம்) காற்று-பெட்ரோல் கலவை ‘லீன்’: காற்று கூடிவிட்டது, அல்லது பெட்ரோல் போதவில்லை. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை வைத்து அதைக் கண்டுபிடித்துச் சொல்வதே அந்த சென்சார்தான். அதைக் கழற்றிப் போடுவது, புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே வைக்கிற மாதிரி. நான் வண்டியை விட்டிருந்த ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சென்சாரை மாற்றி, கோட் பதிவையும் அழித்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அதே விளக்கு, அதே கோட்.

அதன் பிறகு நானே ஸ்கேனரை மாட்டி ஃபியூயல் ட்ரிம் பார்த்தேன். என்ஜினின் கம்ப்யூட்டர் வழக்கமான அளவுக்கு மேல் எவ்வளவு பெட்ரோல் சேர்க்கிறது, எவ்வளவு குறைக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. பொதுவாக கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. என் வண்டியில் லாங் டெர்ம் ட்ரிம் (கம்ப்யூட்டர் நாளடைவில் கற்றுக்கொண்ட திருத்தம்) ஐடிலில் கூட்டல் 24. ஆக்சிலரேட்டரை அழுத்தி 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது, உடனடித் திருத்தத்தையும் சேர்த்த மொத்த ட்ரிம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. வேகம் கூடினால் அந்தப் பங்கு சுருங்கிவிடும். ஆக, வேக்கம் லீக்: அளவில் வராத காற்று எங்கோ ஓட்டை வழியாக உள்ளே போகிறது. நேர்மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு, இந்தப் பக்கம் பாருங்கள்.

என் வண்டியில், பிசிவி வால்விலிருந்து (என்ஜின் அடியில் சேரும் வாயுவை மீண்டும் எரிக்க அனுப்பும் வால்வு) இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) போகும் வளைந்த ரப்பர் ஹோஸ்தான் காரணம். மேலே பார்த்தால் புதுசு போலத்தான் இருந்தது. என்ஜினை அணைத்து ஆறவிட்டு, அடியில் விரலை விட்டு அழுத்தினேன். எண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்துப்போன ரப்பர் வாயைப் பிளந்தது. ஹோஸை மாற்றியதும் ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி வந்து நின்றது.

“சென்சார் கெட்டுப்போகவே போகாதா?” என்று சிலர் வருவார்கள். போகும். பழைய சென்சார் தவறாக லீன் காட்டுவதும் உண்டு, சென்சாருக்கு முன்னால் இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் குழாய்) லீக் இருந்தாலும் காட்டும். மாஸ் ஏர் ஃப்ளோ இல்லாமல் மேப் சென்சாரை (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) மட்டும் வைத்து ஓடும் என்ஜினில் வேக்கம் லீக் இருந்தால் ஐடில் ஏறுமே தவிர, ட்ரிம் இவ்வளவு தெளிவாகப் பேசாது. அதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள் என்பது மட்டுமே என் வாதம்.

மெக்கானிக்குகள் எல்லோரையும் குறை சொல்லவில்லை. ஸ்மோக் டெஸ்ட் போட்டு, புகை எங்கே கசிகிறது என்று காட்டி வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஆறாத விஷயம் வேறு. கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டேன், “தூக்கிப் போட்டாச்சு சார்” என்றார்கள். என் காசில் வாங்கிய பொருள் அது. நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். பழைய பாகத்தைக் கையில் கொடுப்பதில் அப்படி என்ன கஷ்டம்? இதைக் கேட்டால் நம்மைச் சந்தேகப் பிராணி என்கிறார்கள்.

கோட் பதிவை அழிக்கும் முன், ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோட் விழுந்த நேரத்து என்ஜின் அளவுகள்) திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள், அழித்தால் அதுவும் போய்விடும். விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் அது மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை), புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே பாழாகிவிடும், அப்படி ஓட்டாதீர்கள். மற்றபடி ஐடிலிலும் 2500-லும் ட்ரிம் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள், சொல்கிறேன்.