மிதியடியை எடுத்தாச்சா? முதியோருக்கான வீடு – கேள்வி பதில்

வயதானவர்கள் இருக்கும் வீடுகளை வரைவதும் மாற்றிக் கட்டுவதும்தான் பல வருடமாக என் வேலை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: தரையில் சும்மா விரித்துப் போட்டிருக்கும் மிதியடிகளை எடுத்துவிட்டு வந்து கேளுங்கள்.

ஒரு மகள்: அப்பாவுக்கு 78 வயது. நன்றாகத்தான் நடக்கிறார். வீட்டில் எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

அளவு நாடாவை எடுப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு பாத்ரூமை மட்டும் மாற்றித் தரச் சொல்லி அழைத்தார்கள். பெரியவர், "எனக்கென்ன, கல் மாதிரி இருக்கேன்" என்றார். படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போகும் நடையில், இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் தடம் ஓடியது. அலமாரி வந்த இடத்தில் தடம் நின்றது. அலமாரியின் விளிம்பில் மெருகு தேய்ந்திருந்தது. அதைத் தாண்டியதும் மறுபடி தடம். கடைசியில் கழிவறையின் கதவு நிலையில் பெயின்ட் போய் மரமே தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருவேளை அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

அந்தத் தடத்தின் மேலேயே கைப்பிடி போட்டேன். அமெரிக்க விதிப்புத்தகம் 34 முதல் 38 அங்குல உயரம் என்கிறது. அவர் சுவர் 35 என்றது. உங்கள் அப்பாவின் சுவரும் ஏதாவது சொல்லும். பிறகு அதே வழியில் இரவு 2 மணிக்கு விளக்குப் போடாமல் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். முதலில் மாற்ற வேண்டியவை எவை என்று தெரிந்துவிடும்.

புதிதாகக் கட்டுபவர்: பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்கலாமா?

கூடாது. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்தபடிதான் கிடப்பார். வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது நகர்த்தும் கதவு வையுங்கள். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளாக இருக்கட்டும். வழி 32 அங்குலம் வேண்டும்; அது கதவைத் திறந்த பின் மிஞ்சும் இடைவெளி, கதவின் அகலமல்ல. சக்கர நாற்காலி திரும்ப உள்ளே ஐந்தடி வட்டம் வேண்டும்.

அவசரக்காரர்: துண்டு போடும் கம்பி உறுதியாகத்தான் இருக்கிறது. தனியாகப் பிடிகம்பி எதற்கு?

துண்டின் எடை என்ன, உங்கள் அம்மாவின் எடை என்ன? வழுக்கும்போது மனிதர் கம்பியைப் பிடிப்பதில்லை, அதில் தொங்குகிறார். அமெரிக்க விதிப்படி பிடிகம்பி 250 பவுண்டு, அதாவது 113 கிலோ தாங்க வேண்டும். டைல்ஸில் துளையிட்டு பிளாஸ்டிக் செருகி முடுக்கிய திருகு அதைத் தாங்காது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் விடுங்கள். அதிகம் விட்டால் முழங்கை உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சுவரை கெட்டிப்படுத்தி, பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து எங்கே துளையிடுவது என்று அந்தப் போட்டோதான் சொல்லும்.

இன்னொருவர்: எந்த டைல்ஸ் நல்லது?

பளபளப்பில்லாதது. கடையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள்.

வேறொருவர்: பளபளப்பான டைல்ஸ் போட்டு மேலே மிதியடி விரிக்கலாமா?

ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறு. மிதியடியை எடுங்கள்.

ஒரு மருமகள்: மாமியாருக்கு டிமென்ஷியா, மறதிநோய். வாசலில் போட்ட கறுப்பு மிதியடியை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போகிறார். பிடிவாதமா?

இல்லை. வெளிர் தரையில் கறுப்புச் செவ்வகம் அவருக்குப் பள்ளமாகத் தெரிகிறது. உங்களுக்குப் பள்ளம் தெரிந்தால் நீங்களும் சுற்றித்தான் போவீர்கள். மினுங்கும் தரை தண்ணீர் தேங்கியதுபோல் தெரியும். தரை முழுக்க ஒரே நிறமாக இருக்கட்டும். வேறுபாடு வேண்டிய இடம் வேறு: வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிவறைக் கோப்பை என்றால் உட்கார வேண்டிய இடமே கண்ணுக்குத் தட்டுப்படாது. கோப்பையின் இருக்கையையும் மூடியையும் அடர்நிறத்தில் மாற்றுங்கள். கட்டிலில் படுத்தபடியே கழிவறை தெரிந்தால் இன்னும் நல்லது.

அவரே: மாமியார் இரவில் தூங்குவதில்லை. மாத்திரை ஏதாவது?

மருத்துவரைக் கேளுங்கள். என்னால் சொல்ல முடிந்தது, காலையில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள் என்பது மட்டும்.

மாடி வீட்டுக்காரர்: எனக்கு 71. எல்லாவற்றையும் சமதளமாக்கச் சொல்லியே எங்களை முடக்கிவிடுகிறீர்கள். படி ஏறாத கால் எதற்கு உதவும்?

பாதி சரி. கால் உழைக்க வேண்டும் என்பதில் சண்டையில்லை. ஆனால் பயிற்சியை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், பகலில், கைப்பிடியோடு. தூக்கக் கலக்கத்தில் கழிவறைக்குப் போகும் வழி உடற்பயிற்சிக்கூடம் அல்ல.

மாடி வீட்டுக்காரர்: ஜப்பானில் மேடு பள்ளமாகத் தரை போட்ட வீடுகளையே கட்டியிருக்கிறார்களே?

2005-இல் டோக்கியோவின் மிதாகாவில் அரகாவா என்ற ஜப்பானியக் கலைஞரும் அவர் மனைவி மேடலின் கின்ஸும் கட்டியவை. சொகுசு உடலை மந்தமாக்கும், சவாலான வீடு மரணத்தையே தள்ளிப்போடும் என்பது அவர்கள் கொள்கை. அரகாவா 2010-இலும் கின்ஸ் 2014-இலும் இறந்தார்கள். அதை வைத்துக் கேலி செய்வது சுலபம், நான் செய்யப்போவதில்லை. வீடு உடலை விழிப்பாக வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தத் தரையில் எலும்புத் தேய்வு உள்ளவரை நடக்க விட மாட்டேன்.

குறுக்கே ஒருவர்: என் பாட்டி கடைசிவரை மாடி ஏறினார்!

என்னுடைய பாட்டி ஒற்றைப் படியில் விழுந்தார். பாட்டிகளை வைத்து வாதாட வேண்டாம். ஏழெட்டுப் படி உள்ள மாடிப்படியை யாரும் கவனிக்காமல் ஏறுவதில்லை. கூடத்துக்கு நடுவே அழகுக்காக வைத்த ஒற்றைப் படியைத்தான் கண் தவறவிடும். படிகளுக்குள் உயரம் மாறினாலும் ஆபத்து: முதல் இரண்டு படியிலேயே கால் அளவெடுத்துவிடும், மூன்றாவது விரலகலம் கூடினாலும் தடுக்கும். ஆறு அங்குல உயரம், பன்னிரண்டு அங்குல அகலம், எல்லாப் படியும் ஒன்றுபோல். இப்படிப் படி வைத்தால் நீங்கள் தாராளமாக ஏறுங்கள் ஐயா.

ஒருவர்: டைல்ஸ் எந்த...

மேலே போய்ப் படியுங்கள்.

ஒரு மகன்: அம்மாவுக்கு அமைதியான பின்னறையா, தெருப்பக்க அறையா?

அம்மாவைக் கேட்டீர்களா? என்னைக் கேட்டால், ஏதாவது அசைவது தெரியும் ஜன்னல் உள்ள அறை. 1984-இல் ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து மரங்கள் தெரியும் ஜன்னலருகே இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அது மருத்துவமனை, 23 ஜோடி நோயாளிகள்தான். வீட்டுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஜன்னலின் அடிவிளிம்பு உட்கார்ந்தவர் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு மகன்: எத்தனை வாட் விளக்கு?

வாட் கணக்கை விடுங்கள். 60 வயதில் விழித்திரைக்கு எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் வெளிச்சம் அதிகம் வேண்டும், கண்கூச்சம் கூடாது. குமிழ் நேராகக் கண்ணில் படாமல் மறையுங்கள். கட்டிலிலிருந்து கழிவறைவரை, தரையோரமாக, ஆள் அசைந்தால் எரியும் மங்கலான மஞ்சள் விளக்கு.

முன்பு கேட்டவரே: மிதியடிக்கு அடியில் ஒட்டுநாடா ஒட்டினால்?

ஓரம் தூக்கும். எடுங்கள்.

மாடி வீட்டுக்காரர்: சரி, ஒத்துக்கொள்கிறேன். என் மாடிப்படிக்குக் கைப்பிடி ஒரு பக்கம் போதுமா?

இரண்டு பக்கமும். நாளைக்கு ஒரு கை பலவீனமானால், ஏறும்போது வலப்பக்கம் இருந்த கம்பி இறங்கும்போது இடப்பக்கம் வந்துவிடும். கடைசிப் படியோடு கம்பியை வெட்டிவிடாமல் ஓரடி நீட்டி, முனையைச் சுவர் பக்கம் மடக்கச் சொல்லுங்கள், சட்டைக்கை மாட்டாமல் இருக்க.