ஓப்பன் பேப்பரில் ட்ரெயில் பைக் வாங்கலாமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஆசிரியர் நான். திரியாய்ப் பக்கத்தில் உள்ள ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. ஒரு வழிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். பிரதான வீதி வரை பஸ் உண்டு. அதற்குப் பிறகு ஆறு கிலோமீட்டர் கிறவல் பாதை. மாரியில் சேறும் வெள்ளமும். 90களில் தயாரான யமஹா செரோ 225 என்ற ட்ரெயில் பைக் (கரடுமுரடான பாதைக்கான மோட்டார் சைக்கிள்) ஒன்றைத் தரகர் ஒருவர் காட்டினார். சந்தை விலையைவிட ஒன்றரை லட்சம் ரூபாய் குறைவு. “ஓப்பன் பேப்பர்தான், ஒரு பிரச்சினையும் வராது” என்கிறார். 25,000 ரூபாய் முற்பணமும் கேட்கிறார். வாங்கலாமா? தினமும் ஓடுவதற்கு இந்த வண்டி தாங்குமா?

பதில்: தம்பி, வண்டி தாங்கும். பேப்பர் தாங்காது. இந்த வண்டியை அவர் சொல்கிற முறையில் வாங்க வேண்டாம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது சுலபமான பகுதி. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று முழுக்கக் கார்ப்பட் வீதியிலேயே போய் வருகிறவராக நீங்கள் இருந்தால், சாதாரண 125 ஒன்றை வாங்குங்கள் என்று சொல்லி இத்துடன் நிறுத்தியிருப்பேன். அந்தக் கடைசி ஆறு கிலோமீட்டர்தான் கணக்கை மாற்றுகிறது. செரோவின் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். சாதாரண வண்டியின் சிறிய சக்கரம் விழுந்து எழும்பும் குழியை இது உருண்டு கடந்துவிடும். காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம். அதிகம் கோளாறு கொடுக்காது, குறைந்த வேகத்திலும் இழுக்கும். சேற்றில் முதலாம் கியரில் மெதுவாக ஊர்ந்து போகலாம். கார்ப்பட் வீதியில் அறுபது, அறுபத்தைந்து வேகத்தில் நாள் முழுக்க ஓடும். அதற்கு மேல் தினமும் விரட்டினால் இயந்திரமும் களைக்கும், உங்கள் முதுகும் களைக்கும்.

இனி விலை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. அந்த ஐந்து வருடத்தில் முப்பது வருடப் பழைய ட்ரெயில் பைக்குக்குக்கூட வாங்க ஆள் வரிசையில் நின்றது. அப்படிப்பட்ட சந்தையில் ஒருவர் ஒன்றரை லட்சம் குறைத்துத் தருகிறார் என்றால், அது உங்கள் முகத்தைப் பார்த்துத் தந்த சலுகை அல்ல. வண்டியில் எங்கோ ஒளிந்திருக்கும் குறைக்கு அவர் போட்டிருக்கும் விலை அது. பெரும்பாலும் அந்தக் குறை இயந்திரத்தில் இருப்பதில்லை, பதிவுப் புத்தகத்தில்தான் இருக்கும்.

ஓப்பன் பேப்பர் என்றால் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். பதிவுச் சான்றிதழில் பெயர் உள்ளவர் எப்போதோ, யாருக்கோ வண்டியை விற்றுவிட்டார். மாற்றப் படிவங்களான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 இரண்டிலும் கையொப்பம் மட்டும் வைத்து, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் கை மாறிக் கை மாறி உங்கள் தரகரிடம் வந்திருக்கிறது. இடையில் எத்தனை பேர் இந்த வண்டியை வைத்திருந்தார்கள், அதை என்ன செய்தார்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை. வண்டி கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் கைக்கு வரும் தாளோ வருடக்கணக்காகச் சட்டத்துக்கு வெளியே அலைந்த தாள்.

“ஐந்து வருடமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒருவரும் கேட்கவில்லை” என்று தரகர் சொல்வார். எல்லாத் தரகர்களும் இதையே சொல்கிறார்கள். கேட்கும் நாள் வரும்போது தரகர் பக்கத்தில் இருக்கமாட்டார். பதிவு உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் அந்தக் கையொப்பத்துக்குப் பயனில்லை. வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். அவர் உயிரோடு இருந்து, “நான் விற்கவே இல்லை, களவு போனது” என்று ஒரு முறைப்பாடு கொடுத்தால் களவு வண்டியோடு நிற்பவர் நீங்கள். முழுக் காப்புறுதி எடுக்கப் போனால், வண்டி உங்கள் பெயரில் இல்லையே என்ற கேள்வி முதல் நிமிடத்திலேயே வரும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீட்டர் என்று கியூ.ஆர். முறை தொடங்கியபோது, பதிவு செய்வதற்குச் செசி இலக்கத்தை, அதாவது வண்டியின் சட்டகத்தில் பொறித்த இலக்கத்தை, கேட்டார்கள். தம்முடைய வண்டியின் செசி இலக்கமும் புத்தகத்தில் உள்ளதும் வேறு வேறு என்று பலர் அன்றுதான் கண்டுகொண்டார்கள்.

இந்த இலக்கப் பொருத்தம்தான் ட்ரெயில் பைக் சந்தையின் பெரிய பொறி. ஜப்பானிலிருந்து உதிரிப்பாகம் என்ற பெயரில் வந்த இயந்திரங்களும் வண்டிச் சட்டகங்களும் உண்டு. ஓடாமல் கிடந்த ஏதோ ஒரு வண்டியின் புத்தகத்தை எடுத்து, அந்தப் பாகங்களைப் பொருத்திப் பெயின்ட் அடித்து, “ஜப்பான் வண்டி தம்பி, அப்படியே இருக்கிறது” என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது மண்ணெண்ணெயில் நனைத்த ஒரு துணித்துண்டையும் டோர்ச் ஒன்றையும் கொண்டு போங்கள். ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, ஹேண்டில் தண்டு நுழையும் சட்டகக் குழாயின் வலப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். செசி இலக்கம் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் நிற்கின்றனவா? ஒன்று மேலே ஏறியும் ஒன்று சரிந்தும் இருந்தால், அல்லது அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அராவிய தடத்தின் மேல்தான் தடிப்பாகப் பெயின்ட் அடிப்பார்கள்.

அளவில் ஒரு விடயம்: பெயர் 225 என்றாலும் செரோ இயந்திரத்தின் உண்மைக் கொள்ளளவு 223 சிசி. புத்தகத்தில் 223 என்று கண்டு பதற வேண்டாம்.

இயந்திர இலக்கத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தரகர்கள் இதைத்தான் திரித்துப் பயன்படுத்துகிறார்கள். பழைய வண்டியில் இயந்திரம் பழுதாகி, வேறு இயந்திரம் மாற்றுவது குற்றமில்லை. மாற்றியவர் அதைத் திணைக்களத்துக்கு அறிவித்து, புதிய இலக்கத்தைப் பதிவில் ஏற்றியிருக்க வேண்டும். அப்படி ஏற்றியிருந்தால், வண்டியில் இருக்கும் இலக்கமும் பதிவில் இருக்கும் இன்றைய இலக்கமும் ஒன்றாக இருக்கும். அந்த வண்டியைத் தாராளமாக வாங்கலாம். அதற்காக விலையைக் குறைக்கவும் தேவையில்லை. பார்க்கப்போனால் ஒழுங்காக நடந்துகொண்ட ஒரு மனிதரின் வண்டி அது. ஆனால் “மாற்றியது உண்மை, இன்னும் ஏற்றவில்லை, நீங்கள் பெயர் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம்” என்றால் அது விதிவிலக்கு அல்ல. அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டியவர் அதன் பிறகு நீங்கள்தான். இறக்குமதி செய்தவரின் பற்றுச்சீட்டு இல்லாமல் எதைக் காட்டுவீர்கள்? “பற்றுச்சீட்டு வீட்டில் இருக்கிறது, பிறகு தருகிறேன்” என்றால் அந்தப் ‘பிறகு’ வரும் வரை பணத்தை நீங்களே வைத்திருங்கள். இன்னொன்று, இந்த விதிவிலக்கு இயந்திரத்துக்கு மட்டுமே. செசி இலக்கம் பொருந்தாத வண்டிக்கு யார் என்ன கதை சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பதிவு விவரத்தைத் திணைக்களத்தின் இணையதளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, சிறிய கட்டணம் கட்டிப் பார்க்கலாம். தரகர் கையில் உள்ள புத்தகத்தின் போட்டோப்பிரதியை நம்பாமல் இதைப் பாருங்கள். அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் நின்றால், லீசிங் முடிந்த கடிதம் கையில் கிடைக்கும் வரை அந்த வண்டி விற்பனைக்கு உரியதே அல்ல. வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடமாகப் புதுப்பிக்கப்படவில்லை என்றும் கேளுங்கள். அந்த நிலுவையும் தண்டமும் உங்கள் தலையில்தான் விழும்.

தரகர்களை இவ்வளவு திட்டுகிறேனே, இவர்களை வளர்ப்பது எது என்றும் சொல்ல வேண்டும். ஒரு ஏழை மனிதன் தன் பழைய மோட்டார் சைக்கிளைச் சட்டப்படி இன்னொருவர் பெயருக்கு மாற்ற, ஒரு கையொப்பத்துக்கும் ஒரு முத்திரைக்குமாக வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. தமிழ்ப் படிவம் கேட்டால் “முடிந்துவிட்டது” என்ற பதில்தான் கவுண்டரில் இருக்கிறது. ஒரு பிழை என்றால் மறுநாள் வரச் சொல்வார்கள். மறுநாள் அந்த அதிகாரி லீவு. இதற்குப் பயந்துதான் சனங்கள் வெறும் தாளில் கையொப்பம் வைத்து விற்றுவிட்டுப் போகிறார்கள். நேர்மையாக நடப்பவனுக்கு வேலை கடினமாகவும், குறுக்கே போகிறவனுக்கு இலகுவாகவும் இருக்கும்படி ஒரு முறையை வருடக்கணக்காக வைத்துக்கொண்டு, பிறகு சனங்களைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. ஆனாலும் தம்பி, அந்த ஒரு நாள் அலைச்சலை நீங்கள் படத்தான் வேண்டும். பதிவு உரிமையாளரை நேரில் சந்தியுங்கள். அடையாள அட்டையையும் முகத்தையும் பாருங்கள். உங்கள் கண்முன்னே, உங்கள் பெயரும் அன்றைய திகதியும் நிரப்பப்பட்ட படிவங்களில் அவர் கையொப்பம் இடட்டும். “அவர் வெளிநாட்டில்” என்றால் வண்டி அவர் வரும் வரை காத்திருக்கட்டும்.

பேப்பர் சரியாக இருந்தால் மட்டும் இயந்திரத்துக்கு வாருங்கள். நீங்கள் போவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இயந்திரத்தில் கை வையுங்கள். சுடுகிறது என்றால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இயந்திரத்தில்தான் உண்மை தெரியும். ஸ்டார்ட் செய்ததும் ஒரு கணம் நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல். அது சிறு செலவு. முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங். அது பெரிய செலவு. ஆரம்பகால செரோக்களில் கிக்கர் மட்டும்தான். பிறகு வந்தவற்றில் மின் ஸ்டார்ட்டர் உண்டு. எதுவாயினும் இரண்டு மூன்று முயற்சியில் எழும்ப வேண்டும்.

நம்முடைய கரையோரத்தில் இயந்திரத்தைவிட இரும்பைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் நின்ற வண்டியின் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரு ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று கேட்கும். தளர்ந்ததும் துருவில் மெலிந்ததும் மொட்டையாகச் சத்தம் போடும். கிறவல் பாதையில் முதலில் அறுவது அந்தக் கம்பிகள்தான். பெற்றோல் டாங்கின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செந்துரு படிந்திருந்தால் காபுரேட்டர் மாதம் ஒருமுறை அடைக்கும். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வடிகிறதா, பின்சக்கரத்தை இருபக்கமும் ஆட்டினால் அசைகிறதா என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை, விலை பேச உதவும்.

வாங்கிய பின் ஓட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக: பெரிய கட்டைகள் உள்ள ட்ரெயில் டயரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். உங்கள் ஓட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் கார்ப்பட். மழை நனைந்த கார்ப்பட்டில் அந்தக் கட்டைகள் வழுக்கும், சீக்கிரம் தேயும். வீதிக்கும் பாதைக்கும் பொதுவான டயர் போடுங்கள். கிறவல் தூசு காற்று வடிகட்டியை அடைக்கும். ஸ்பொஞ்சை அடிக்கடி கழுவி எண்ணெய் பூசிப் போடுங்கள். கடற்கரை வீதியில் வந்த வண்டியை நல்ல தண்ணீரால் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மாரியில் வெள்ளத்தைக் கடந்தால், வண்டியில் டிரம் பிரேக் இருந்தால் அதற்குள் தண்ணீர் நிற்கும். பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்சத் தூரம் ஓடிக் காயவைத்த பிறகே வேகம் எடுங்கள். ஓடும் வெள்ளத்தின் ஆழம் தெரியாவிட்டால் இறங்கவே வேண்டாம். இருட்டிய பின் அந்த வீதியில் மாடுகள் படுத்திருக்கும், காட்டுப் பக்கத்தில் யானை நிற்கும், பழைய வண்டியின் முன்விளக்கோ மங்கல். பாடசாலை விட்டதும் கிளம்பிவிடுங்கள்.

உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஏ1 வகுப்பு மட்டும் இருந்தால் அது 100 சிசி வரைதான். செரோவுக்கு ஏ வகுப்பு வேண்டும். இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதி கைகழுவிவிடும்.

அந்த 25,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். பதிவு உரிமையாளரை அழைத்து வந்தால் முழுப் பணத்தையும் அவர் கையிலேயே தருவதாகத் தரகரிடம் சொல்லுங்கள். தரகுக்கூலியை வேண்டுமானால் அன்றே தனியாகக் கொடுத்துவிடலாம். இதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பாருங்கள். சுசுகி ஜெபல் 200 கிடைத்தாலும் உங்கள் பாதைக்குப் போதும்.